காறை எலும்புக்கு மேலே ஒரு கட்டி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மருதனார்மடச் சந்தையில் மரவள்ளிக்கிழங்கும் முளைக்கீரையும் வாங்கிக் கூடைக்குள் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வருகிறேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"டீச்சர்... டீச்சர்..."

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்து இடப்பக்கமாக இரண்டு விரற்கடை போனதும் நின்றுவிட்டது. அதற்கு மேல் திருப்பினால் காதுக்குக் கீழே தொடங்கி, தோளுக்குப் போகிற காறை எலும்பு வரை ஒரு நோவு இறங்கும். பல்லைக் கடிக்க வைக்கிற நோவு.

கூப்பிட்டவர் விடுவதாயில்லை. என்ன செய்ய? கழுத்தைத் திருப்ப முடியாதவள் சைக்கிளைத் திருப்பினேன். தோள்பையும் கூடையுமாக, சந்திக்கு நடுவே, பெரிய லொறி ஒன்று திரும்புகிற மாதிரி.

பார்த்தால் சிவபாதம் மாஸ்டர். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

"என்ன டீச்சர், பத்திரிகையிலை எழுதத் தொடங்கினாப் பிறகு பெருமையோ? கூப்பிடக் கூப்பிடத் திரும்பிறியள் இல்லை."

"பெருமை இல்லை மாஸ்டர். கழுத்து."

சொன்னேன். மூன்று மாதமாக நோவு. முதலில் காலையில் மட்டும். பிறகு நாள் முழுக்க. இப்போது கரும்பலகையில் எழுதக் கழுத்தை நிமிர்த்தினாலே கண்ணில் தண்ணீர் வருகிறது.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"வீக்கம் ஏதும் இருக்கோ?"

"காறை எலும்புக்கு மேலை ஒரு சின்னக் கட்டி மாதிரிக் கிடக்கு. முந்தியே இருந்ததோ, இப்ப வந்ததோ தெரியேல்லை."

மாஸ்டரின் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இடப்பக்கமோ... அதுவும் காறை எலும்புக்கு மேலையோ... அந்த இடத்திலை கட்டி எண்டால்..."

நிறுத்திவிட்டார். கூடையைப் பார்த்தார்.

"கீரை நல்ல பச்சையாய்க் கிடக்கு. எங்கை வாங்கினியள்?"

இருபது வருஷத்தில் ஒரு பாடத்தையும் பாதியில் நிறுத்தாத மனிதர் அவர். மணி அடித்தாலும் வசனத்தை முடித்துவிட்டுத்தான் வகுப்பை விட்டு வெளியே வருவார். அப்படிப்பட்டவர் ஒரு வசனத்தை அரைவாசியில் விட்டுவிட்டுக் கீரையைப் பற்றிக் கேட்கிறார் என்றால், மிச்ச அரைவாசி என்ன?

எனக்குப் பயம் வந்தது அந்த இடத்தில்தான்.

மூன்று கிழமையாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்தீர்கள். பேப்பர் தட்டுப்பாடு என்று நினைத்தீர்களாம். இல்லை. பத்திரிகை ஆசிரியர் கோடு போட்ட கொப்பித்தாளிலாவது அச்சடிக்கத் தயாராக இருந்தார். நான்தான் எழுதவில்லை. பயத்தோடு இருக்கிறவளுக்கு வேடிக்கையாக எழுத வருமா?

பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காறை எலும்பு ஒரு தடவை முறிந்த எலும்பு. எண்பத்தேழில். அப்போது வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டுப் பங்கர் வெட்டி இரண்டே நாள். மேலே பனங்குற்றி அடுக்க இன்னும் ஆள் வரவில்லை. பொம்பர் வருகிற சத்தம் கேட்டது. ஓடினேன். இறங்குகிற படி எந்தப் பக்கம் என்பது மறந்துபோய், படி இல்லாத பக்கத்தால் உள்ளே போய்ச் சேர்ந்தேன். பொம்பர் அன்றைக்கு எங்கேயும் குண்டு போடவில்லை. சும்மா சுற்றிவிட்டுப் போய்விட்டது. அந்த நாளில் எங்கள் ஊரில் விழுந்தது நான் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை திறந்திருக்கவில்லை. பக்கத்து ஊர் முறிவு நெரிவுப் பரியாரியார்தான் எண்ணெய்ச் சீலை சுற்றி, மட்டை வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஆறு கிழமையில் ஒட்டிவிட்டது. நானும் மறந்துவிட்டேன். ஆறு வருஷம் ஒரு தொந்தரவும் தராத எலும்பு, இப்போது ஏன்?

அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். கட்டி தெரிந்தது. பெரிய புளியங்கொட்டை அளவு. போன வருஷம் இது இருந்ததா? சத்தியமாக ஞாபகம் இல்லை. உங்களுடைய காறை எலும்பு போன வருஷம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

அதன் பிறகு கை சும்மா இருக்குமா? அடுப்படியில் நிற்கும்போது தொட்டுப் பார்க்கும். கிணற்றடியில் தொட்டுப் பார்க்கும். பிள்ளைகளுக்குச் சோதனை வைத்துவிட்டு மேசையில் இருக்கும்போது, சீலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல மெல்லப் போய்த் தொட்டுப் பார்க்கும். தொடுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். காலையில் புளியங்கொட்டை, மத்தியானம் பாக்கு.

பக்கத்து வீட்டு இராசமலர் அக்காவிடம் நோவைப் பற்றி மட்டும் சொன்னேன். கட்டியைச் சொல்லவில்லை. அவ ஆறுதல் சொல்லுவா என்று ஒரு நப்பாசை.

"இடப்பக்கமோ? அப்ப நெஞ்சுதான் பிள்ளை. நெல்லியடியிலை எங்கடை சித்தப்பாவும் இப்பிடித்தான். தோள் இழுக்குது எண்டு சொல்லிக்கொண்டு சாப்பிட இருந்தவர். கோப்பையைக் கழுவ எழும்பேல்லை."

பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான். அதுவரை எனக்கு ஒரு பயம்தான் இருந்தது.

பரியாரியாரிடம் போனேன். அவர் கட்டிய எலும்பு, அவரைத்தானே கேட்க வேண்டும்? வயது போய்விட்டது, ஆனால் விரல் இன்னும் உரம். தோளைப் பிடித்து ஓர் அமத்து அமத்தினார். எனக்கு உயிர் போய் வந்தது.

"நான் கட்டினது வடிவாய் ஒட்டியிருக்கு. நீங்கள்தான் சொன்ன நாளுக்கு முந்தி அவிட்டிட்டியள் போலை. பழைய முறிவிலை வாய்வு வந்து குந்தியிருக்கு."

"அப்ப இந்தக் கட்டி?"

அவர் அதை ஒரு விரலால் தடவினார். பிறகு எண்ணெய்ப் போத்தலை எடுத்தார்.

"இதைப் பூசுங்கோ. எலும்பெண்டால் என்ரை பொறுப்பு பிள்ளை. சதையெண்டால் நான் பொறுப்பில்லை."

அந்தப் பச்சை எண்ணெய் வாசத்தோடு சைக்கிளில் வீட்டுக்கு வந்த பாதை எனக்கு இப்போதும் ஞாபகம். புகையிலைத் தோட்டங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் அடுத்த போகம் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை என்று நினைத்தேன்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். ஒரு கட்டி, ஆஸ்பத்திரியில் காட்டினால் சரிதானே? மாஸ்டர் முடிக்காத அந்த வசனம் உண்மையென்றால் அதை இங்கே கண்டுபிடிக்க வழியில்லை. கொழும்புக்குப் போகவேண்டும். கொழும்புக்குப் போவதென்றால் ஊரை விட்டு வெளிக்கிட அனுமதிப் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் கிடைத்தால் கிளாலிக் கடலைத் தாண்டவேண்டும். அந்தக் கடலில் இருட்டோடு வள்ளம் ஏறி, அக்கரைக்குப் போய்ச் சேராதவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் சிலர் அப்படி ஒருவரைப் பறிகொடுத்தவர்கள்.

ஆக, போகாவிட்டால் கட்டி. போனால் கடல். நான் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தப் பக்கமும் இறங்கவில்லை.

வீட்டில் இவருக்குச் சொல்லவில்லை. இவர் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களுடைய கெட்ட செய்தியை முப்பது வருஷம் தந்தியாக எடுத்த மனிதர். என்னுடையதையும் அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் ஒரு வேலை செய்தேன். பழைய கொப்பி ஒன்றை எடுத்து, 'புட்டு அவிக்கும் முறை' என்று தலைப்புப் போட்டு எழுதத் தொடங்கினேன். மாவை எவ்வளவு வறுப்பது, தண்ணீர் எவ்வளவு கொதிக்க வேண்டும், எப்படிக் கொத்துவது... அடுத்த பக்கத்தில் சொதி. அதற்கடுத்த பக்கத்தில், எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்கு.

மூன்றாம் நாள் அந்தக் கொப்பி இவர் கையில் இருந்தது.

"இஞ்சாரும், எனக்கு ஏன் புட்டு அவிக்கப் பழக்கிறீர்?"

நான் அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர், கீரை, நெல்லியடிச் சித்தப்பா, பரியாரியார், எல்லாம். இவர் கொப்பியை மூடி அலுமாரிக்கு மேலே வைத்தார். சாறத்தை மாற்றிக் காற்சட்டை போட்டார். சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

"வாரும் போவம்" என்றார்.

இரண்டு கட்டை தூரத்தில் ஒரு டொக்டர் இருக்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டு முன்னறையில் இரண்டு கதிரையும் ஒரு வாங்கும் போட்டு நோயாளரைப் பார்க்கிறார். மருந்து இல்லாத காலத்தில் டொக்டரின் வேலை பெரும்பாலும் கேள்வி கேட்பதுதான். அவர் நன்றாகக் கேட்பார்.

"மெலிஞ்சிருக்கிறியளோ டீச்சர்?"

"இஞ்சை ஆர் டொக்டர் மெலியேல்லை?"

"அதுவும் சரிதான். காய்ச்சல்? இருமல்? சாப்பாட்டிலை மனமில்லாமை?"

"இல்லை."

"கை விறைக்கிறதோ? விரல் மதமதக்கிறதோ?"

"பின்னேரத்திலை சின்ன விரல் ரண்டும் கொஞ்சம் மதமதக்கும்."

நாடி பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார். படியேறினால் நோவு கூடுதோ, மூச்சு வாங்குதோ என்று கேட்டார். இல்லை என்றேன். 'நெஞ்சு நல்லாய்க் கிடக்கு' என்றார். நெல்லியடிச் சித்தப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். பிறகு டொக்டர் என் கழுத்தை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், பின்னால் கொண்டுபோகச் சொன்னார். கடைசியாகக் கட்டியில் கை வைத்தார். நான் சுவரில் இருந்த கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திகதி கிழிக்காமல் நாலு நாள் கிடந்தது.

"பாருங்கோ டீச்சர். முறிஞ்ச காறை எலும்பு பிறகு நோகிறதுக்குக் கனக்கக் காரணம் இருக்கு. சரியாய் ஒட்டாமல் விட்டாலும் நோகும். கூடுதலாய் ஒட்டித் தடிச்சு, கீழாலை போற நரம்பை நெரிச்சால் கை விறைக்கும். தோள்மூட்டுத் தேய்ஞ்சாலும் நோகும். கழுத்தெலும்பு தேய்ஞ்சால் அந்த நோ தோளுக்கு இறங்கும். ஒண்டுமே இல்லாமல் சதை இறுகினாலும் நோகும்."

"நீங்கள் சொல்லாமல் விட்டது ஒண்டு இருக்கு டொக்டர்."

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"ஓம், இருக்கு. அதையும் நினைச்சுத்தான் தடவிப் பாத்தனான். இது எலும்போடை எலும்பாய் இருக்கு. உருளேல்லை, அசையேல்லை. பழைய முறிவு ஒட்டின முடிச்செண்டுதான் நினைக்கிறன். எல்லாருக்கும் வாறதுதான். கட்டி வளரேல்லை டீச்சர். நீங்கள்தான் வத்திப்போனியள். மேலை கிடந்த சதை போக, கீழை கிடந்த எலும்பு தெரியுது."

"நினைக்கிறியளோ, நிச்சயமோ?"

"எக்ஸ்ரே எடுத்தால் நிச்சயமாய்ச் சொல்லலாம். மெசின் இருக்கு, ஃபில்ம் இல்லை. இருக்கிற நாலைஞ்சும் காயக்காரருக்கே காணாது."

அப்போதுதான் அவர் பார்வை வேறெங்கோ போனது. என்னுடைய மடிக்கு. அவர் சோதிக்கிற நேரம் முழுக்க நான் தோள்பையை இறக்கி மடியில் வைத்திருந்தேன். ஆனால் அதன் பட்டியைக் கழற்றவில்லை. அது என் கழுத்தைச் சுற்றித்தான் கிடந்தது.

"உதைக் கழட்டுங்கோ" என்றார்.

இந்தப் பையைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டுமா? உங்களிடமும் ஒன்று இருக்கிறது. இதை வாசிக்கும்போதுகூடக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும். காணி உறுதி, பிறப்பத்தாட்சி, கலியாணப் பதிவு, அடையாள அட்டை, பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறுகள், இருக்கிற நகை... திடீரென்று ஓடவேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓட. என்னுடையது ஓடும்போது நழுவக்கூடாது என்று பட்டியைக் கட்டையாக முடிச்சுப் போட்டிருந்தேன். இடத் தோளில் கொழுவினால் முடிச்சு சரியாகக் காறை எலும்பில் வந்து இருக்கும். அதோடுதான் சமைப்பேன். அதோடுதான் படிப்பிப்பேன். அதோடுதான் சந்தைக்குப் போவேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மாஸ்டர் பார்த்தார். இராசமலர் அக்கா பார்த்தா. பரியாரியார் பட்டியை ஒரு கையால் விலக்கிவிட்டுத்தான் தோளை அமத்தினார். ஒருவருக்கும் பை கண்ணில் படவில்லை. எல்லாரிடமும் இருக்கிற ஒன்றை யார் பார்க்கப் போகிறார்கள்?

கழற்றினேன். டொக்டர் என் சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிட்டு இவரையும் கூப்பிட்டுக் காட்டினார். கட்டிக்கு மேலே தோல் கறுத்து, பட்டியின் அகலத்துக்கு ஒரு தழும்பு. மூலையில் குழந்தைகளை நிறுக்கிற தராசு இருந்தது. பையைத் தூக்கி அதில் வைத்தார். முள் ஆறு கிலோவைக் காட்டியது.

"ஆறு மாதத்துப் பிள்ளை. இரவுபகலாய்க் காவிறியள். உள்ளுக்கை என்ன கிடக்கு?"

எடுத்து வைத்தேன். உறுதிகள் தகரப் பெட்டியோடு. சேட்டிபிக்கெட்டுகள். ஜேர்மனியில் இருக்கிற மகளின் கடிதங்கள், கட்டாக. கலியாணப் படங்கள். டோர்ச், வேலை செய்யாதது. இவரின் பென்சன் கடிதங்கள். பெரிய ஆமைப்பூட்டு ஒன்று.

"பூட்டு என்னத்துக்கு?"

"போற இடத்திலை வீடு கிடைச்சால் பூட்டவேணுமெல்லே."

டொக்டர் சிரிக்கவில்லை. பழைய துண்டுக் கடதாசியில் ஏதோ எழுதினார். மருந்து இல்லை. எழுதியது இவ்வளவுதான்: பதினாலு நாள் பையைத் தொடக்கூடாது.

"பதினாலு நாளிலை நோ குறைஞ்சுதெண்டால் பைதான் காரணம். குறையாட்டில், கட்டியும் பெருத்தால்... யோசிக்காமல் கொழும்புக்குப் போங்கோ. நான் கடிதம் தாறன்."

பாருங்கள் நிலைமையை. ஒரு பயம் உண்மையா என்று பார்க்க இன்னொரு பயத்தை ஆணியில் கொழுவிவிட்டு இருக்கவேண்டும்.

பதினாலு நாளும் பையை இவர் பார்த்துக்கொள்வது என்று முடிவு. முன்விறாந்தை ஆணியில் கொழுவினோம். பொம்பர் வந்தால் இவர் அதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், நான் வெறுங்கையோடு ஓட வேண்டும். முதல் நாள் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எனக்கும் உடுப்பில் ஏதோ குறைகிற மாதிரித்தான் இருந்தது. இடத் தோள் தானாகவே மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நோவு அப்படியே. நாலாம் நாள் கூடின மாதிரியும் இருந்தது.  பை இல்லாமலும் நோகிறது என்றால்? ஆறாம் நாள் இவருக்குத் தெரியாமல் பாஸ் எடுக்கிற ஃபோர்ம் ஒன்றை வாங்கி வந்து, சீலைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை. நான் அடுப்படியில். இவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதமாட்டேன். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

அடுப்பை விட்டுவிட்டு ஓடினேன். இந்தத் தடவை படியிருக்கிற பக்கத்தால். இவர் ஈரச் சாறத்தோடு பின்னால் வந்து குதித்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பார்த்தோம்.

"பை?"

"நீர் எடுக்கேல்லையோ?"

"நான் தொடக்கூடாதெல்லே."

"நான் கிணத்தடியாலை நேரை வாறன்."

ஆணியில் பை. இருபது அடி தூரம். அதற்குள் எங்கள் வீடு, எங்கள் கலியாணம், எங்கள் மகளின் பிறப்பு, எல்லாம் கடதாசியாக இருக்கிறது. அது எரிந்தால் நாங்கள் யார் என்று சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. பொம்பர் ஒரு சுற்றுச் சுற்றி விலகிப் போகிறது. இப்போது ஓடினால் எடுத்துவிடலாம். நான் எழும்பினேன்.

இவர் என் கையைப் பிடித்தார்.

"இரும்."

"உறுதி..."

"இரும் எண்டுறன்."

இந்த மனிதர் என்னோடு இவ்வளவு காலத்தில் அப்படி ஓர் அதட்டல் போட்டதில்லை. இருந்துவிட்டேன். அடுத்த நிமிஷம் பொம்பர் தாழப் பதிந்தது. நிலம் ஒருக்கால் தூக்கிப் போட்டது. பனங்குற்றிகளுக்கு இடையால் மண் பொலபொலவென்று தலையில் கொட்டியது. பிறகு இன்னொன்று. நான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். கட்டியாலும் இல்லை, கடலாலும் இல்லை, புட்டு அவிந்துகொண்டிருக்கும்போது இப்படியே என்று நினைத்தேன். இவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். சவர்க்கார நுரை காதில் காய்ந்திருந்தது. என் கையை விடவில்லை.

இத்தனை வருஷத்தில் பங்கருக்குள் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது அன்றுதான். மற்ற நாட்களில் என் இரண்டு கையும் பையைக் கட்டிப்பிடித்திருக்கும்.

சத்தம் தூரப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒன்று உறைத்தது. இவர் இருந்தது எனக்கு இடப்பக்கம். நான் அவரை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்பைத் திருப்பவில்லை.

கழுத்து திரும்பியிருந்தது.

வலப்பக்கம் திருப்பினேன். திரும்ப இடப்பக்கம். கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மண்ணோடு மண்ணாக இருந்துகொண்டு, கோவில் மாடு மாதிரித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன்.

"இஞ்சாரும்... என்ன செய்யுது உமக்கு?" இவர் உண்மையாகவே பயந்துவிட்டார்.

குண்டு விழுந்தது அடுத்த ஒழுங்கையில். ஒரு வீட்டின் ஓடெல்லாம் போய்விட்டது. ஆட்கள் பங்கருக்குள் இருந்தபடியால் தப்பினார்கள். கட்டியிருந்த பசு தப்பவில்லை. எங்கள் வீட்டில் யன்னல் கண்ணாடி மட்டும்தான். பை ஆணியில் அப்படியே தொங்கியது, சுண்ணாம்பு கொட்டி வெள்ளையாக. நான் அதைத் தொடவில்லை. அன்றைக்குத் தொட மனமும் வரவில்லை.

பதினாலாம் நாள் டொக்டரிடம் போனோம். நோவு முக்கால்வாசி இல்லை. விரல் மதமதப்பு இல்லை. கட்டி அதே புளியங்கொட்டை, ஒரு நூல் கூடவில்லை. அவர் தடவிப் பார்த்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். அவரும் இரண்டு கிழமை பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

"எலும்புதான் டீச்சர். பயப்பிடாதேங்கோ. மூண்டு மாதத்தாலை ஒருக்கால் வந்து காட்டுங்கோ, ஃபில்ம் வந்தால் படமும் எடுப்பம். பையை மட்டும் திரும்பத் தூக்காதேங்கோ. உதென்ன பைத்தியக்காரத்தனம்... ஆறு கிலோ. ஒரு படிச்ச மனிசி செய்யிற வேலையோ?"

தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். சொல்வது நியாயம்தானே?

அந்த நேரம் பார்த்து மேலே ஹெலிச் சத்தம். ஆஸ்பத்திரிப் பக்கமாகவா, எங்கள் பக்கமாகவா என்று தெரியவில்லை. இவர் என் கையைப் பிடித்தார். வெறுங்கையோடு முற்றத்துப் பங்கருக்கு ஓடினோம். எங்களுக்குப் பின்னால் டொக்டர் ஓடி வந்தார். மேசைக்குக் கீழே இருந்து எதையோ இழுத்தெடுத்துத் தலையால் கொழுவிக்கொண்டே ஓடி வந்தார்.

பச்சை நிறக் கன்வஸ் பை. பெரிது. பட்டியைக் கட்டையாக முடிச்சுப் போட்டிருந்தார். குழந்தைத் தராசில் வைத்தால் முள் சுற்றி வந்து மறுபக்கம் நிற்கும்.

நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். ஹெலிச் சத்தம் தூரப் போனது.

"உங்களுக்குக் கழுத்து நோகிறேல்லையோ டொக்டர்?"

அவர் முடிச்சுக்குக் கீழே விரலை விட்டுக் காறை எலும்பைத் தடவிக்கொண்டார்.

"நோகும் டீச்சர். ஆனால் எனக்கு ஏனெண்டு தெரியும்."

பாஸ் ஃபோர்மைக் கிழித்து அடுப்பு மூட்டிவிட்டேன். பூட்டை வெளியே எடுத்துவிட்டேன், டோர்ச்சையும்.

பை இப்போது வலது தோளில்.